மறு: நுழைவு வளைவு வசூல் - அதற்கு முன்னால் மிலிட்டரி மாமாவின் பத்திரிகைக் கட்டுகள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் நுழைவாயிலில் வளைவு கட்ட ஆளுக்கு 15,000 ரூபாய் என்று சங்கத்துக்காகக் கேட்டு வந்த மடலைப் படித்தேன். பணம் தர மனமில்லாமல் இதை எழுதவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன அக்கா, மிலிட்டரி மாமாவின் முன்னறையைத் திறந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். ஓடு சரிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. மாமா நடத்திய பத்திரிகையின் கட்டுகளில் அடிவரிசையைத் தூக்கினால் கரையான் மண்தான் கையோடு வருகிறதாம்.

சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாமா மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவர். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்த கதையை நம்மில் பாதிப் பேர் அவர் திண்ணையில்தான் கேட்டிருக்கிறோம். 1909-ல் ஃபவுஜி அக்பாராகத் தொடங்கி, 1954-ல் சைனிக் சமாச்சார் ஆன ராணுவப் பத்திரிகையின் தமிழ் இதழைப் பாரக்கில் உரக்கப் படித்துக் காட்டுவாராம். "அது உள்ளே இருக்கறவனுக்குடா. வெளியே வந்தவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் யார் எழுதறது?" என்பார். அப்படித்தான் ஓய்வு பெற்ற படைவீரர்களுக்காக மாமாவே நடத்திய அந்தப் பதினாறு பக்கப் பத்திரிகை பிறந்தது.

2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வந்த சமயம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சந்தா கட்டத் தேவையில்லை என்ற விவரத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார். பதிவு செய்த பத்திரிகை 50 கிராமுக்குள் இருந்தால்தான் அப்போது 25 காசுத் தபால். நான் மைதாப் பசை தடவ, அவர் தராசில் வைத்தார். இரண்டு கிராம் கூடுதல். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தார். அப்புறம் துணிக்கடை விளம்பரத் தாளை ஒவ்வொரு பிரதியிலிருந்தும் உருவி எடுக்கச் சொன்னார். மறுநாள் சைக்கிளில் போய்க் கடைக்காரரிடம் விளம்பரப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மெத்தை வீட்டு அண்ணா, ஊர்ப் பெருமைக்கு வளைவு வேண்டும் என்கிறீர்கள். கிணற்று வழக்குக்குப் பிறகு மாமா உங்கள் வாசலை மிதிக்கவில்லை, உண்மை. ஆனால் படை ஆவணத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று உங்கள் பாட்டியின் குடும்ப ஓய்வூதியம் நின்றபோது, பதினொரு மாதம் மனு எழுதியது யார்? நீங்கள் அப்போது மஸ்கட்டில் இருந்தீர்கள். பாட்டி கையெழுத்துப் போடப் பின்வாசல் வழியாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த மனுவின் நகலும் அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறது.

கிழக்கு வீட்டுச் சித்தப்பா, சங்கத்தின் நூலக நிதிக் கணக்கு வராமல் ஒரு ரூபாய் தரமாட்டேன் என்கிறார். அவர் கேட்பது நியாயம். அதனால் இந்தப் பணம் சங்கக் கணக்குக்குப் போக வேண்டாம். ஓடு மாற்றவும் கரையான் மருந்து அடிக்கவும் ஆசாரி 38,000 சொல்லியிருக்கிறார். நேரடியாக அவருக்கே அனுப்பிவிட்டு ரசீதைக் குழுவில் போடலாம். மிஞ்சிய இதழ்களை ஸ்கேன் செய்யும் செலவு என்னுடையது.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. "உங்க மாமா கட்டு கட்டா வச்சிருக்காரு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று அக்காவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா மறுபடி போகிறாள். அதற்குள் யார் யார் எவ்வளவு தருவீர்கள் என்று எழுதுங்கள்.