அடுத்த சீசன் டீம் இருக்குமா?

கொளத்தூரிலிருந்து, பழைய ஸ்டாண்ட் ஆள்

ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று ஜனவரியில் அறிவிப்பு வந்ததும் மச்சான் போன் செய்தான். "அப்போ நம்ம டீம் இருக்குல்ல?" என்றான், சென்னையின் எஃப்.சி.யைத்தான். பத்து வருடமாக அவனுடைய முதல் கேள்வி "இந்த வருஷம் யாரை எடுத்திருக்காங்க?" என்பதாகத்தான் இருக்கும். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர். வெள்ளம் வடிந்து, வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை காயாத நேரம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைக்கூட புனேவுக்கு மாற்றியிருந்தார்கள். கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் நாம் 2-1 என்று பின்னால் போனதும் அப்பா, "அணைச்சிட்டுப் படு" என்றார். நான் அணைக்கவில்லை. கோவா கோல்கீப்பர் தட்டப் போன பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மென்டோசா அடித்தார். 3-2. தெருவில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எங்களுக்கு வாய் நீண்டுவிட்டது. 2018இல் பெங்களூரில் போய் இரண்டாவது கோப்பை. அப்புறம் எது வந்தாலும் போதவில்லை. அபிஷேக் பச்சனும் தோனியும் விடா டானியும் முதலாளிகளாக இருக்கும்போது இன்னும் பெரிய ஆட்டக்காரர்களை ஏன் வாங்கக் கூடாது என்று நானே மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். 2024-25இல் 13 அணிகளில் 11ஆவதாக முடித்தபோது திட்டித் தீர்த்தேன்.

பிறகு 2025 ஜூலையில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. 2010இல் போட்ட 15 வருட உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அடுத்து யார் நடத்துவது, வருமானம் யாருக்கு எவ்வளவு என்று எதுவும் முடிவாகவில்லை. லீக்கை நடத்திய நிறுவனம் வருடத்துக்கு 50 கோடி ரூபாய் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிதாக டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. எந்த ஆட்டக்காரரை வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நான், அன்று வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். முதலாளியிடம் நீங்கள் கேட்டது எப்போது மாறியது? சொல்லுங்கள்.

---

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, உங்கள் டீம் நின்றுபோகவில்லை. எங்களுடையது போயே விட்டது.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை இருந்தாலும் கோவையில் ஆடிய எங்கள் சென்னை சிட்டி எஃப்.சி.க்கு, ஐ.எஸ்.எல். தவிர நடக்கும் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் பட்டம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அதே நேரம் ஆடுகிறது, நாம் தவறி அவர்கள் ஜெயித்தால் அவர்களுக்குப் பட்டம். ஆட்டம் தொடங்கியதுமே மினர்வா கோல் அடித்துவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காதில் இயர்போன் வைத்துக் கோழிக்கோட்டு நிலவரம் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு அடித்தார், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. 43க்கு 42, ஒரே ஒரு புள்ளி. பெரியவர் இயர்போனைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு அழுதார்.

அந்த நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. பாசல்! ஷகிரியும் ராகிடிச்சும் வளர்ந்த இடம். பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பையன்கள் கோவையிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் பையன்கள் போவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். பொய் சொல்வானேன்.

ஆனால் அந்தப் பட்டம் ஜெயித்தாலும் மேலே ஏற முடியாது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகும் வழி அப்போது இல்லை. அது திறந்து பஞ்சாப் எஃப்.சி. போனது 2023இல். மேலே ஏற வழியில்லாத ஏணியில் யார் எத்தனை நாள் பணம் போடுவார்கள்? நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போனார்கள், எட்வின் வான்ஸ்பால் உங்களிடமே வந்தார். 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. அந்த வழி திறக்க இரண்டு வருடம்தான் பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

என்னிடம் அந்த ஜெர்சி இருந்தது. போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அதை வண்டி துடைக்க எடுத்துவிட்டார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

---

மான்செஸ்டரில் படித்தவன்

கோவை நண்பரே, இதே கதையை நான் பெரி என்ற ஊரில் பார்த்தேன். மான்செஸ்டருக்கு வடக்கே, டிராமில் போகும் தூரம். வாடகை குறைவு என்று அங்கே அறை எடுத்தேன். அந்த ஊர் கிளப் 1885இல் தொடங்கியது, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்டி அணியை 6-0 என்று அடித்த சாதனையை 116 வருடம் யாரும் தொடவே இல்லை. 2019இல் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. அதே 2019இல்தான் பெரி கிளப்பின் கதை முடிந்தது.

அதற்குச் சில மாதம் முன்னால் கிளப் கைமாறிய விலை என்ன தெரியுமா? ஒரு பவுண்டு. கடனோடு சேர்த்து ஒரு பவுண்டு. அந்த சீசனில் அணி மேல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றது என்பதுதான் கொடுமை. களத்தில் எல்லாம் சரி, கணக்குப் புத்தகத்தில் எதுவும் சரியில்லை.

கிளப்பை யாராவது வாங்கிக் காப்பாற்ற ஆகஸ்ட் 27 கெடு. கடைசி நேரத்தில் வாங்க யாரோ வருகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. அன்று காலையில் நான் பால் வாங்கப் போகும்போது, எதிர் வீட்டு அம்மா, அறுபது வயது தாண்டியவர், ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் துடைப்பமுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் ஆட்டம் நடந்தால் மைதானம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்றார். அவரைப் போல நிறையப் பேர் வந்து, இருக்கை இருக்கையாகத் துடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ராத்திரி லீக்கிலிருந்து கிளப்பை நீக்கிவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2022இல் ரசிகர்களே அந்த மைதானத்தை வாங்கினார்கள். இப்போது கீழ் டிவிஷன்களில் ஆடுகிறார்கள். கூட்டம் வருகிறது.

---

தாம்பரம், கல்லூரி மாணவன்

பெரிய முதலாளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போ ஜெர்மனி மாதிரி 50+1 விதி கொண்டு வந்தால் போதும்தானே? ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் ரசிகர்கள் கையில் இருந்தால் எந்த முதலாளியும் ஓட முடியாது.

---

வியாசர்பாடியிலிருந்து

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. ஜெர்மனியில் அந்தக் கிளப்புகளில் பெரும்பாலானவை நூறு வருடத்துக்கு முன்பே உறுப்பினர் சங்கங்களாகத் தொடங்கியவை. இங்கே முழு சீசன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிய எத்தனை பேரை உனக்குத் தெரியும்? எனக்கு ஒன்பது பேரைத் தெரியும். பாதி ஓட்டு நமக்கு என்றால் பாதி நஷ்டமும் நமக்குத்தான்.

நான் சாயங்காலம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதிக்குப் பதினெட்டுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பெரியமேடு நேரு ஸ்டேடியம் போனேன். 3-0. அதில் ஒரு கோல் தன்பால் கணேஷ் அடித்தது. நம்ம தெருப் பையன். ஜேஜே இரண்டு அடித்தார், அதற்கும் கத்தினார்கள், ஆனால் கணேஷ் அடித்தபோது என் பக்கத்திலிருந்த பத்து வயதுப் பையன் கத்தவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நிஜமா என்று கேட்கிற மாதிரி. முதலீடு முதலீடு என்று நீங்கள் பேசும்போது எனக்கு அந்த மூஞ்சிதான் ஞாபகம் வரும்.

போன வருடம் எங்களுக்கும் ஒரு முதலாளி வந்தார். ஸ்பான்சர் செய்கிறேன் என்றார். பெயர் வேண்டாம். ஏசி காரிலிருந்து இறங்கி, தரையைப் பார்த்து, ஷூவைப் பார்த்து, வேலி ஓரமாகவே நின்றார். எத்தனை பையன்கள், எந்த வயது, எதுவும் கேட்கவில்லை. வீடியோ போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றார். நான் இரண்டு விளக்குக் கம்பம் கேட்டேன், ஆறு மணிக்கு மேல் பந்து தெரிவதில்லை என்று. முப்பது ஜெர்சி அனுப்பினார், முன்னாலும் பின்னாலும் அவர் கடைப் பெயர். எல்லாம் ஒரே அளவு. சின்னப் பையன்களுக்கு முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. விளக்கு இன்னும் வரவில்லை.

கோப்பை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தில் இந்த வடசென்னையில் எத்தனை கம்பம் நடலாம் என்று நான் அடிக்கடி கணக்குப் போடுவேன். போட்டுவிட்டு அழித்துவிடுவேன்.

---

கொல்கத்தாவில் பேங்க் வேலை

சின்னதாக ஒன்று. 2020இல் ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே.யும் பழைய கிளப்பான மோகன் பகானும் ஒன்றாகி, ஏ.டி.கே. பெயர் முன்னால் வந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். பணம் வந்தது, நல்ல டீம் வந்தது. ஆனாலும் என் மேஜைக்கு எதிர் மேஜைக்காரர் மூன்று வருடம் சந்தோஷமாக இல்லை. 1889இல் பிறந்த கிளப்புக்கு முன்னால் இன்னொருவன் பெயரா என்பார். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயித்த ராத்திரி, இனி மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்று உரிமையாளர் அறிவித்தார். அந்த வாரம் எதிர் மேஜைக்காரர் டப்பா நிறைய இறால் மலாய்க் கறி கொண்டு வந்தார். கோப்பைக்கா பெயருக்கா என்று கேட்டேன். "கோப்பை அடுத்த வருஷமும் வரும்" என்றார். பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலின் ஆளான எங்கள் மேனேஜர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

---

கொளத்தூர், மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. தாம்பரம் தம்பி, "பெரிய முதலாளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இதற்கு முன்னால் நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. மும்பை சிட்டியில் 65 சதவீதம் யாரிடம் இருந்தது? மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் அதே குழுமத்திடம். 2019இல் வந்தார்கள், பட்டங்கள் வந்தன. லீக்கின் எதிர்காலம் தெரியவில்லை என்று 2025 டிசம்பரில் பங்கை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 2022இல் கோப்பை வென்ற ஹைதராபாத் டெல்லிக்குப் போய் வேறு பெயரில் ஆடுகிறது. பணம் இல்லாமல் போனவர்களும் உண்டு, பணம் இருந்தும் போனவர்களும் உண்டு. வியாசர்பாடி சார் சொல்வது போல, பையன்கள் எங்கேயும் போவதில்லை.

இந்த சீசன் ஒரு சுற்றுதான், ஒவ்வொரு அணிக்கும் 13 ஆட்டம். எத்தனையாவது இடத்தில் முடிப்போம் என்று பந்தயம் கட்ட மச்சான் கூப்பிட்டான். நான் வரவில்லை என்றேன். வேறு வேலை இருக்கிறது. ஸ்டாண்டில் அடிக்கும் பெரிய டிரம் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. நேற்று இறக்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் எலி கடித்திருக்கிறது. பெரியமேட்டில் தோலுக்கா பஞ்சம்? சனிக்கிழமை எடுத்துப் போகிறேன், தூக்க ஒரு ஆள் வேண்டும்.