புதுப்பிப்பு: பழைய ஆபீஸ் கட்டுப்பாடு என் லேப்டாப்பை விட்டுப் போய்விட்டது

வேலையை விட்ட பிறகும் என் சொந்த விண்டோஸ் லேப்டாப்பில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருகிறதே, எப்படி எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்தாகிவிட்டது.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’. பழைய ஆபீஸ் மெயில் ஐடி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. டிஸ்கனெக்ட் அழுத்தும் முன் இரண்டு வேலை பார்த்தேன். தயவுசெய்து யாரும் இதைத் தவிர்க்காதீர்கள். ஆபீஸ் மெயிலோடு சேராத, அட்மின் உரிமையுள்ள லோக்கல் கணக்கு ஒன்றை லேப்டாப்பில் உருவாக்கி, அதில் லாகின் ஆகிறதா என்று பார்த்தேன். அப்புறம் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டேன். அந்தக் கீ நிறுவனத்தின் கணக்கில் மட்டும் இருந்து, பிறகு டிஸ்க் பூட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள்கூடக் கிடைக்காது.

டிஸ்கனெக்ட் ஆனதும் ஆபீஸ் வைஃபை, பாஸ்வேர்ட் விதிகள் எல்லாம் போயின. ஐடி பிரிவு தூரத்திலிருந்தே லேப்டாப்பைக் கையாளப் போட்டிருந்த ரிமோட் ஏஜென்ட் மென்பொருள் மட்டும் நீக்கவிடாமல் பாஸ்வேர்ட் கேட்டது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சிலர் சொன்னார்கள். நான் பழைய ஐடி பிரிவுக்கு சீரியல் நம்பரோடு மெயில் போட்டேன். அவர்கள் நிர்வகிக்கும் கருவிகளின் பட்டியலிலிருந்து லேப்டாப்பை நீக்கி, பாஸ்வேர்டும் தந்தார்கள். இதுதான் சரியான வழி. ஆட்டோபைலட்டில் (நிறுவனக் கருவிகளைத் தானாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிவான கருவி என்றால், விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் நிறுவனத்தின் லாகின் திரைதான் வந்து நிற்கும். அவர்கள் விடுவித்தால்தான் உண்டு.

ராஜினாமா கொடுத்திருப்பவர்கள், கடைசி நாளுக்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.