முழங்கால் துடிக்கவில்லை, மேக்னீசியம் ஊசியை நிறுத்தி வைத்தேன். தப்பா?

புதுசிஸ்டர்:
பிரசவ வார்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று நைட் டியூட்டியில், பிபி ஏறி தலைவலியோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு வலிப்பு (ஃபிட்ஸ்) வராமலிருக்க மேக்னீசியம் சல்ஃபேட் லோடிங் டோஸ், அதாவது முதலில் கொடுக்கும் பெரிய அளவு, முடிந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இடுப்பில் 5 கிராம் என்று எழுதியிருந்தது. 2 மணிக்கு அடுத்த ஊசி. போடும் முன் பார்த்தேன், மூச்சு நிமிடத்துக்கு 18, சரி. யூரின் நாலு மணி நேரத்தில் 70 மில்லிதான். முழங்காலில் தட்டினால் அசைவே இல்லை, எனக்குத்தான் தட்டத் தெரியவில்லையோ என்று மூன்று தடவை தட்டினேன். ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். சீனியர் ஒருவர் "ஃபிட்ஸ் வந்தால் நீயா பொறுப்பு?" என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். டாக்டரும் நிறுத்தத்தான் சொன்னார், ஆனாலும் மனசு உறுத்துகிறது.

பழையநைட்டிங்கேல்:
உறுத்தவே வேண்டாம் தங்கச்சி. மேக்னீசியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகும், அது குறைந்தால் மருந்து உள்ளேயே சேரும். சேரச் சேர முதலில் போவது முழங்கால் துடிப்பு, அதாவது தட்டினால் கால் எம்புவது, அதற்கு அப்புறம்தான் மூச்சு. மூச்சு 18 இருக்கிறதே என்று போட்டிருந்தால் அடுத்த எச்சரிக்கை அந்த மூச்சாகவே இருந்திருக்கும். முழங்கால் துடிப்பு இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, யூரின் நாலு மணி நேரத்தில் 100 மில்லியாவது வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஊசியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

தட்டுவதில் சந்தேகம் வந்தால் முழங்காலுக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள், அவரை இரண்டு கை விரல்களையும் கோர்த்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) போட்டிருந்தால் காலை நம்பாதீர்கள், முழங்கையில் பாருங்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். யூரின் பை பாதி நிறைந்திருந்தது, நல்ல யூரின் என்று எழுதிவிட்டேன். பார்த்தால் அது முந்தைய ஷிஃப்ட் காலி செய்யாமல் விட்டுப்போனது, என் நேரத்தில் வந்தது ரொம்பக் கொஞ்சம்! அன்றிலிருந்து டியூட்டி எடுத்ததும் முதல் வேலை பையைக் காலி செய்து நேரம் எழுதுவதுதான்.

ட்ரேகாரி:
மேக்னீசியம் அதிகமானால் கொடுக்கும் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லையே? மூச்சு குறைந்தால் ஊசியை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, 10 சதவீதம் 10 மில்லி, அதாவது 1 கிராம், நரம்பில் மெதுவாகப் போக வேண்டும். அது சிரிஞ்சோடு படுக்கைப் பக்கத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்து பிரயோஜனம் இல்லை.

மேக்னீசியம் கலக்கும்போதும் கவனம். 50 சதவீத ஆம்பியூல் 2 மில்லி என்றால் 1 கிராம். நரம்பில் 4 கிராம் கொடுக்க 8 மில்லியோடு ஊசிக்கான ஸ்டெரைல் தண்ணீர் 12 மில்லி சேர்த்தால்தான் 20 சதவீதம் ஆகும், அதையும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். இன்னொருவர் பார்க்காமல் நான் ஏற்றுவதே இல்லை. உடம்பெல்லாம் சுடுகிற மாதிரி இருக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பயந்துபோவார்கள்.

அரைத்தூக்கம்:
அந்தச் சீனியர் திட்டிய விதம் தப்பு, பயம் பொய்யில்லை. 2002-இல் வந்த மேக்பை என்ற ஆய்வில் இந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. அதனால் நிறுத்தி வைத்தது அப்படியே மறந்துபோகக் கூடாது, ஒவ்வொரு மணி நேரமும் மறுபடி பார்த்து டாக்டரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிரசவம் ஆனதும் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள், அதற்குப் பிறகும், வலிப்பு வந்திருந்தால் கடைசி வலிப்புக்குப் பிறகும், 24 மணி நேரம் மருந்து ஓட வேண்டும். இந்த மருந்தால் குழந்தை துவண்டு பிறக்கலாம், குழந்தை டாக்டருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

புதுசிஸ்டர்:
நன்றி அக்கா எல்லாருக்கும். விடிகாலை 5 மணிக்குப் பார்த்தபோது கால் லேசாக எம்பியது, யூரினும் இறங்க ஆரம்பித்திருந்தது. கால்சியம் ஆம்பியூல் அலமாரியில்தான் இருந்தது, இன்றைக்கு ட்ரேயில் எடுத்து வைத்துவிட்டேன்.