புயல் அலை வேண்டாம், புயலேற்றம் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

புயலின்போது கடல்மட்டம் உயர்வதை ஆங்கிலத்தில் ஸ்டார்ம் சர்ஜ் (storm surge) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் குளச்சல் அண்ணாச்சி சொன்ன 'புயல் அலை' எனக்குச் சரியாகப் படவில்லை. அது அலையே இல்லை. புயற்காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கிறது. கூடவே, காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். இப்படிக் கடலே மேலேறிச் சில மணி நேரம் நிற்கும். அலைகள் அதன்மேல் ஏறி வந்து அடிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுதான். 'அலை' என்று எழுதிவிட்டால், கல்லைக் கொட்டி அலையை உடைத்தால் போதும் என்று படிப்பவர் நினைப்பார். ஏறி நிற்கும் நீர் கல்லிடுக்கு வழியாகவே ஊருக்குள் வந்துவிடும்.

அதனால் 'புயலேற்றம்'. கேட்டவுடன் புரிகிறது, 'ஏற்ற உயரம்', 'உச்ச ஏற்றம்' என்று நீட்டவும் வசதி.

'புயலோதம்' என்பதும் நல்ல சொல்தான், ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓதம் என்பது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. அது நிலவாலும் சூரியனாலும் வருவது; பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். புயலேற்றத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் கடல்மட்டப் பதிவிலிருந்து ஓதத்தைக் கழித்து, மிஞ்சுவதில் உச்சங்களை மட்டும் எடுத்து, கம்பெல் (Gumbel) போன்ற, அரிய உச்சங்களின் வாய்ப்பைக் கணக்கிடும் ஒரு நிகழ்தகவுப் பரவலைப் பொருத்தி, பதிவில் இதுவரை இல்லாத பெரிய ஏற்றத்தை மதிப்பிடுகிறார்கள். அப்புறம் ஓதத்தைத் திரும்பக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டு மட்டத்துக்குப் 'புயலோதம்' அருமையாகப் பொருந்தும். நம் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் இரண்டையும் பிரிக்கத் தோன்றாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரை எட்டும். அங்கே புயல் எந்த நேரத்தில் கரை தொடுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

கள்ளக்கடலை இதில் சேர்க்கவே கூடாது. அது தென்கோடிக் கடலில் எழும் நெடும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் அதற்குத்தான் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைப் பறிகொடுத்தோம். இரண்டுக்கும் எச்சரிக்கை வேறு, பெயரும் வேறாகவே இருக்கட்டும்.

'100 ஆண்டு மீள்காலம்', அதாவது சராசரியாக 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவு ஏற்றம், என்று எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை வந்துவிட்டால் இனி பேரன் காலத்தில்தான் என்று தோன்ற வைக்கிறது. உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காடு வாய்ப்பு. மணக்குடியில் 30 ஆண்டு நிற்கும் வீடு அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. 'ஆண்டு வாய்ப்பு 1%' என்றே எழுதுவோம்.

தூத்தூர், இரயுமன்துறைப் பக்கம் கடல் இப்படி ஏறி நிற்பதற்கு வழக்குச்சொல் இருந்தால் எழுதுங்கள். இருந்தால் 'புயலேற்றம்' வேண்டாம், அதையே எடுத்துக்கொள்வோம்.