புதுப்பிப்பு: தரம் 3 பிள்ளைகளின் வாட்ஸ்அப் வகுப்பு

கொரோனாவால் 2020 மார்ச் 13 முதல் இலங்கையில் பாடசாலைகள் மூடியதும் இங்கே கேட்டிருந்தேன்: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் என் வகுப்பில் 26 பிள்ளைகள், ஸ்மார்ட் போன் இருப்பது 9 வீடுகளில்தான், எப்படிப் படிப்பிப்பது என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காலை வகுப்பை விட்டுவிட்டேன். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இப்போது இரவு 7 மணிக்குக் குரல் பதிவு மட்டும் அனுப்புகிறேன். வீடியோ என்றால் ரீலோட் போட்ட டேட்டா இரண்டே நாளில் தீர்ந்துவிடும், அந்தச் செலவை அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. போன் இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாமார் வாங்கிப் போகிறார்கள்.

நேற்று ஒரு கொப்பியின் படம் வந்தது. 'மழை' என்று பத்துத் தடவை, ஏழாவதிலிருந்து 'ழ' சரியாக வளைந்திருக்கிறது. தாளைப் பிடித்திருந்த அம்மாவின் கட்டைவிரலில் கொழுந்துக் கறை. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பிள்ளைகளிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை அவர்கள் இருக்கும் மேல் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) நடந்து போகிறேன்.