அலுவலக அச்சுப்பொறி: கேபிளா, வைஃபையா?

கேள்வி: கொங்கு எழுத்தர், ஈரோடு

எங்கள் ஆடிட்டர் அலுவலகம் இரண்டு தளங்களில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில் ஐந்து மேசைக் கணினிகளும், மேல்தளத்தில் மூன்று மடிக்கணினிகளும் உள்ளன. அச்சு, நகல், ஸ்கேன் ஆகிய மூன்றையும் செய்யும் லேசர் அச்சுப்பொறி கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதை விற்ற கடையிலிருந்து வந்தவர் வைஃபையில் இணைத்து, எல்லாக் கணினிகளிலும் நிறுவிக் கொடுத்துச் சென்றார். சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது. இப்போது மின்சாரம் போய் வந்தாலே ஏதாவது சில கணினிகளில் அச்சுப்பொறி "ஆஃப்லைன்" என்று காட்டுகிறது. நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால் அச்சாகிறது, அடுத்த மின்தடையில் மறுபடியும் அதே கதை. ஒரே அச்சுப்பொறி பட்டியலில் "காப்பி 1", "காப்பி 2" என்று பெருகிக் கிடப்பதால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பணியாளர்கள் குழம்புகிறார்கள்.

தணிக்கை அறிக்கைகளுக்கான செப்டம்பர் 30 கெடு நெருங்குவதற்குள் இதற்கு நிலையான ஒரு வழி காண விரும்புகிறேன். அச்சுப்பொறியின் பின்புறம் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் இருக்கிறது. அதில் இணைத்தால் தொல்லை தீருமா? அப்படிச் செய்தால், வைஃபையை மட்டுமே பயன்படுத்தும் மடிக்கணினிகளும் கைபேசிகளும் அச்சிட முடியாமல் போகுமோ என்று எங்கள் ஆடிட்டர் தயங்குகிறார்.

பதில்: வலைப்பணி, கோவை

ஆடிட்டரின் தயக்கத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல அலுவலகங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே அச்சுப்பொறியை வைஃபையில் விட்டு வைத்து அவதிப்படுகின்றன. அச்சுப்பொறி கேபிளில் இருந்தாலும், மடிக்கணினி வைஃபையில் இருந்தாலும், இரண்டும் ஒரே ரவுட்டரைச் சேர்ந்தவையாக இருக்கும் வரை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கைபேசியும் அப்படியே. இடம் மாறாத கருவிக்குக் கேபிள், கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு வைஃபை என்பதுதான் நான் பின்பற்றும் முறை.

ஆனால் கேபிள் மாற்றியதால் மட்டும் உங்கள் தொல்லை தீராது. அதன் வேர் முகவரியில் இருக்கிறது. ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. லாட்ஜில் வந்த வரிசைப்படி அறை எண் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. மின்தடைக்குப் பின் ரவுட்டர் விழித்தெழும்போது, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை விலை குறைந்த ரவுட்டர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அச்சுப்பொறி சூடேறித் தயாராவதற்குள் யாருடைய கைபேசியோ அதன் பழைய முகவரியை வாங்கிக்கொண்டால், பழைய முகவரியையே நம்பியிருக்கும் கணினிகளுக்கு அச்சுப்பொறி காணாமல் போகிறது.

ஆகவே, முதலில் அச்சுப்பொறியின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரியை, அதாவது கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளுக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு வேறொன்றும் இருக்கும் என்பதால், கேபிளைச் செருகிய பிறகு அச்சிடும் தாளையே நம்ப வேண்டும். பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில், அந்த மேக் முகவரிக்கு 192.168.1.50 போன்ற ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து கணினிகள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் அச்சுப்பொறி பெரும்பாலும் டபிள்யூ.எஸ்.டி. என்ற போர்ட்டில் அமர்ந்துவிடும். போர்ட் என்பது கணினி அச்சு வேலையை அனுப்பும் வழி; இந்த வழி நிலையான முகவரியை அல்ல, தானாகத் தேடுவதை நம்பியிருக்கிறது. நான் பார்த்த "ஆஃப்லைன்" புகார்களில் பெரும்பகுதி இதில்தான் முடிகிறது. பழைய பதிவுகளையும் "காப்பி"களையும் முழுவதுமாக நீக்கிவிட்டு, ஐ.பி. முகவரியைக் கொண்டு சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட்டை உருவாக்குங்கள். அது 9100 என்ற எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். டிரைவரை அச்சுப்பொறி நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்குவது நல்லது.

பதில்: சர்வர் அறை, சென்னை

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒதுக்கீட்டை ரவுட்டரில் செய்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இணையச் சேவை நிறுவனம் கொடுக்கும் பெட்டி பழுதானால், அவர்கள் புதிய பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஒதுக்கீடும் அதோடு போய்விடும். முகவரியை அச்சுப்பொறியிலேயே நிலையாக எழுதி, ரவுட்டர் வழங்கும் முகவரிகளின் கடைசி எண்ணை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, அச்சுப்பொறிக்கு அதற்கு வெளியே ஓர் எண்ணைக் கொடுத்தால் இரண்டும் மோதாது.

கேபிள் இழுக்கவே முடியாத கட்டடங்களில் வைஃபையும் பழுதில்லாமல் ஓடும். பல அச்சுப்பொறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், ரவுட்டரில் அதை அணைத்து வைக்கக் கூடாது. விருந்தினருக்கான வைஃபையில் அச்சுப்பொறியை இணைக்கவே கூடாது. அதில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்காதபடி தடுப்பு இருக்கும். கேபிளைச் செருகியதும் வைஃபை தானாக அணைந்துவிடும் மாடல்கள் உண்டு, அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

பதில்: வலைப்பணி, கோவை

புதிய பெட்டி 192.168.1 என்ற வரிசைக்குப் பதிலாக 192.168.0 என்ற வரிசையோடு வந்தால், நிலையாக எழுதிய முகவரியும் அச்சுப்பொறியைத் தனிமைப்படுத்திவிடும், அதுவும் அச்சுப்பொறியின் சிறிய திரையில் எண்களைத் தட்டித்தான் மீட்க வேண்டியிருக்கும். இரு வழியிலும் ஒரு குறை உண்டு. எதைச் செய்தாலும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அச்சுப்பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொங்கு எழுத்தர்

இருவருக்கும் நன்றி. கேபிள் போட்டு, ரவுட்டரிலேயே முகவரியை ஒதுக்கிவிட்டேன். மின்சாரம் போய் வந்த பிறகும் கீழ்த்தளம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஒரு கணினி மட்டும் அவ்வப்போது "ஆஃப்லைன்" என்கிறது, அதே நேரத்தில் பக்கத்துக் கணினியிலிருந்து அச்சாகிறது.

பெரிய சிக்கல் மேல்தளத்தில். கேபிள் இழுக்க வந்தவர், அங்கே சிக்னல் குறைவு என்று சொல்லிப் புதிய வைஃபை ரவுட்டர் ஒன்றையும் மாட்டினார். அதன் வழியாக மடிக்கணினிகள், முகவரியைக் கொடுத்துச் சேர்த்தால் அச்சிடுகின்றன. ஆனால் கைபேசிகள் அச்சுப்பொறியைக் கண்டுபிடிப்பதில்லை. மேல்தள மடிக்கணினியின் கோப்புறைக்கு அனுப்பும் ஸ்கேன்களும் போய்ச் சேர்வதில்லை. அங்குள்ள கருவிகளின் முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது.

பதில்: வலைப்பணி, கோவை

கடைசி வரியில் நீங்களே விடையைத் தந்துவிட்டீர்கள். மேல்தள ரவுட்டர், கீழ்த்தள நெட்வொர்க்குக்குள் தனியாக வேறொரு நெட்வொர்க்கை நடத்துகிறது. உள்ளிருந்து வெளியே செல்வதை அது அனுமதிக்கும், ஆகவே மடிக்கணினியின் அச்சு வேலை கீழே போய்ச் சேருகிறது. வெளியிலிருந்து தானாக உள்ளே வருவதை அது தடுக்கும், ஆகவே ஸ்கேன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று அச்சுப்பொறி எழுப்பும் அறிவிப்பும் ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது என்பதால் கைபேசிகளுக்கு அது தென்படுவதில்லை.

அந்த ரவுட்டரின் அமைப்பில், தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழ்த்தள நெட்வொர்க்கின் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் என்ற நிலை இருந்தால், அதற்கு மாற்றினால் போதும். இல்லையென்றால், இணையத் துளையில் செருகியிருக்கும் கேபிளை முதலில் உருவிவிட்டு, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வசதியை அணைத்து, ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிய பின், அதே கேபிளைச் சாதாரண லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். கீழ்த்தள ரவுட்டர் அந்த எண்ணை வேறு எதற்கும் வழங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் பெறும் மடிக்கணினிக்கும் ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். அதன் விண்டோஸில் இந்த நெட்வொர்க் "பிரைவேட்" என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பதில்: சர்வர் அறை, சென்னை

அந்த ஒற்றைக் கணினியைப் பற்றி: அச்சுப்பொறியின் நிலையை விண்டோஸ் எஸ்.என்.எம்.பி. என்ற முறையில் கேட்டறிகிறது. அதற்கு விடை வராவிட்டால், அச்சுப்பொறி உயிரோடு இருந்தாலும் "ஆஃப்லைன்" என்று முடிவு கட்டிவிடும். அந்தக் கணினியில் மட்டும் உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஃபயர்வால் விடையை மறித்திருக்கக்கூடும். அச்சுப்பொறியின் பண்புகளில் போர்ட்ஸ் பகுதிக்குச் சென்று, போர்ட்டை அமைக்கும் பொத்தானை அழுத்தினால், எஸ்.என்.எம்.பி. நிலை என்ற கட்டம் இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

இன்னொன்று: இரண்டு ரவுட்டர்களையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுவது நல்லது, ஆனால் லேசர் அச்சுப்பொறியை அதில் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் பகுதி இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.