மூன்றாம் கொப்பி வெள்ளத்தில் போய்விட்டது: பத்து வருட உலகத்தின் வரலாற்றை எப்படி மீட்பது?

கல்லடி அண்ணாவியார்:

வணக்கம். 2015 முதல் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசிப் பகடை உருட்டி ஒரு கதையை வளர்க்கும் மேசை விளையாட்டு அது. ஐந்தாம் பதிப்பின் இலவச அடிப்படை விதிகளை அச்சிட்டு, ஏழு பகடைகள் கொண்ட ஒரே செட்டை ஐந்து பேர் மாறி மாறி உருட்டித் தொடங்கினோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். கூத்துப் பழகிய ஊர்க்காரர்கள் என்பதால் நண்பர்கள் என்னை அண்ணாவியார், அதாவது கூத்து ஆசான், என்றே கூப்பிடுகிறார்கள்.

விதிகள் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தவை. உலகம் நாங்கள் கட்டியது. பெயர் உப்பேரி. நீண்ட வாவி, இரு கரைகளிலும் இரண்டு அரசுகள். நமது மட்டக்களப்பு வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையையும் மேற்கே உள்ள படுவான்கரையையும் பார்த்துத்தான் அமைத்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அது திறந்தால் உப்புநீர் ஏறி மேற்குக்கரை வயல் கருகும். மூடியே கிடந்தால் கிழக்குக்கரையில் மீன்பாடு இல்லை. உப்பேரியின் போர்கள், திருமணங்கள், தெய்வங்கள் எல்லாம் இந்த ஒரு மணல்வாயிலிருந்து கிளைத்தவை.

2018இல் செங்கயல் என்ற பாத்திரத்தை ஆடிய நண்பன் நள்ளிரவில் தனியாகப் போய் அந்த மணலை வெட்டினான். இருபது முகப் பகடையில் ஆக உயர்ந்த எண்ணான இருபது விழுந்தது. விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. மூன்று கிராமங்கள் மூழ்கின. அடுத்த ஐந்து மாதமும் அந்த ஒரு வெட்டின் விளைவைத்தான் ஆடினோம். கடைசியில் இரு கரையாரும் செங்கயலை நடுவில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள். அதன் வாசகம் மூன்றாவது சீ.ஆர். கொப்பியில் இருந்தது.

2024 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த அந்தக் கொப்பி நனைந்துவிட்டது. பத்திரிகைத் தாள்களை இடையில் வைத்து, மின்விசிறிக்குக் கீழே நான்கு நாள் உலர்த்தினேன். பென்சிலால் கீறிய வரைபடங்கள் அப்படியே இருக்கின்றன. தோணித்துறைகளின் பெயர்கள்கூட வாசிக்க முடிகிறது. ஜெல் பேனையால் எழுதிய பக்கங்கள் வெறும் நீலக் கறை.

இப்போது புதிதாகச் சேர்ந்த இருவர் அந்தச் சத்தியத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்கிறார்கள். பழையவர்களில் ஒருவர் 12 வருட உப்புவரி என்கிறார். மற்றவர் மணல் தானாக மூடும்வரை என்கிறார். இருவரும் அன்று மேசையில் இருந்தவர்கள். எனக்கு அன்றைய முகங்கள் நினைவிருக்கின்றன, வாசகம் நினைவில்லை. நானே ஒன்றை எழுதிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் வாழ்ந்த ஒன்றின்மேல் என் கையெழுத்தை வைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

தாழம்பூ, களுவாஞ்சிக்குடி:

தம்பி, தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். எல்லோரையும் ஒரு மாலை கூப்பிடுங்கள். பேசத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து நினைவில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். இது முக்கியம், ஏனென்றால் முதலில் வாய் திறப்பவரின் நினைவுக்கு மற்றவர்களுடையது இழுபட்டுவிடும். இருவர் தாளில் இருப்பதை வரலாறாக வையுங்கள். ஒருவர் தாளில் மட்டும் இருந்தால் அது ஊர்ப்பேச்சு. யாருக்குமே நினைவில்லாதது உங்கள் கையில். என்னுடைய ஆட்டத்தில் ஒரு அரசியின் மரணத்தை இப்படித்தான் மீட்டோம். அவள் நஞ்சால் இறந்தாள் என்று ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள். அந்த ஊர்ப்பேச்சை வைத்தே ஒரு வருடம் ஆடினோம்.

சாகாமம் வீதி, அக்கரைப்பற்று:

சகோதரர், அக்கா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மனிதர்கள் சொன்னவை இரண்டாக இருக்கலாம்; தூரமும் காலமும் இரண்டாக இருக்கக் கூடாது. இன்று ஒரு நாளில் போன துறைக்கு அடுத்த மாதம் மூன்று நாள் எடுத்தால் ஆடுபவர்கள் திட்டம் போடுவதையே விட்டுவிடுவார்கள். உங்கள் வரைபடம் தப்பியது பெரிய விடயம். முதலில் ஒரே தாளில் வருடவாரியாக நிகழ்ச்சிகளை எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு வரி போதும்.

கொப்பியில் இருந்ததே உண்மையான உப்பேரி என்றும் நினைக்க வேண்டாம். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1972இல் தொடங்கிய கிரேஹாக் உலகம், வட அமெரிக்க வரைபடத்தை ஒட்டித்தான் அவர் வீட்டில் ஆடப்பட்டது. 1980இல் அச்சுக்குப் போனபோது அவர் புதிய வரைபடமே வரைந்தார். வீட்டில் ஆடியவர்களுக்கு ஒன்று, வாங்கியவர்களுக்கு இன்னொன்று. இரண்டுமே கிரேஹாக்தான்.

ஏட்டுக்காரர் பேரன், படுவான்கரை:

அண்ணா, என் தாத்தா கூத்து அண்ணாவியார். அவருடைய ஏட்டுப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. சட்டங்கொடுக்கும்போது, அதாவது பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஒவ்வொரு கூத்தருக்கும் அவரவர் பாட்டுத்தானே எழுதிக் கொடுப்பார்கள்? தாத்தா வீடு வீடாகப் போய், தருமர் ஆடியவரிடம் தருமர் பாட்டையும் வீமன் ஆடியவரிடம் வீமன் பாட்டையும் கேட்டு எழுதினார். மற்றவர் பாட்டை யாரிடமும் கேட்கவில்லை. பார்த்து நின்றவனுக்குக் கதை தெரியும், பாடியவனுக்குத்தான் சொல் தெரியும் என்பார்.

நீங்கள் கேட்ட இருவரும் சத்தியத்தைக் கேட்டு நின்றவர்கள். சொன்னவன் செங்கயல். அவனை ஆடியவரிடம் கேட்டீர்களா?

கல்லடி அண்ணாவியார்:

தம்பி, கேட்கவில்லை. அவன் தோஹா போய் ஆறு வருடம். இரவு வேலை முடித்து வந்து படுப்பவனை இதற்காக எழுப்புவதா என்று விட்டுவிட்டேன். உங்கள் பதிலை வாசித்த பிறகு வெள்ளிக்கிழமை அழைத்தேன்.

உப்பேரி என்று சொன்னதும் அவன் சிரித்தான். சத்தியம் என்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “வெட்டிய வாய் தானாய் மூடும்வரை என் வீட்டு உலையில் உப்பு விழாது.” அவ்வளவுதான். அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போதே அந்த வரியை மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்தானாம். உப்புவரி அதற்கு அடுத்த ஆட்டத்தில் கிழக்குக்கரை அரசன் போட்டது, 12 வருடம். என் நண்பர்கள் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அரசாணையை நினைவில் வைத்திருந்தார், மற்றவர் சத்தியத்தின் பாதியை. நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

அக்கா, தாளில் எழுத வைக்கும் வேலையை மற்ற நிகழ்ச்சிகளுக்குச் செய்யப் போகிறோம். அக்கரைப்பற்றுச் சகோதரர் சொன்ன வருடத் தாளும் பாதி முடிந்துவிட்டது.

மணல்வாய் இன்னும் மூடவில்லை. அப்படியானால் செங்கயல் குடும்பம் உப்பேரிக் கணக்கில் ஏழு வருடமாக உப்பில்லாமல் சாப்பிடுகிறது. உப்பு விளையும் கரையில் இருந்துகொண்டு! இதை நான் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டேன். ஞாயிறு மூன்று மணிக்குப் புதியவர்கள் இருவரும் அந்த வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். செங்கயலின் தாய் அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பாள். ஏன் உப்பில்லை என்று அவர்களாகக் கேட்கும்வரை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வரியை நான்காம் கொப்பியில் எழுதிவிட்டேன், பென்சிலால்.